மணி அடித்தது... யாரும் எழுந்திருக்கவில்லை!

அலுவலகத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியதும் முதலில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? யாருடைய பார்வையும் வாசல் பக்கம் போவதில்லை. எல்லோரும் பக்கத்து சீட்டைப் பார்க்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் எதிர் சீட்டைப் பார்க்கிறார். "மறுபடியும் டெஸ்ட்டிங்கா?" என்று ஒரு குரல். "ஃபால்ஸ் அலாரமா இருக்கும், விடுங்க" என்று இன்னொன்று. செக்யூரிட்டி வந்து பேனலில் மணியை அமர்த்துகிறார். எல்லோரும் கம்ப்யூட்டருக்குள் திரும்பிவிடுகிறார்கள். எதனால் அடித்தது என்று யாராவது கேட்டால், கேன்டீனில் தாளிப்புப் புகை, இல்லையென்றால் சென்சாரில் தூசி என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். சிக்கலே அதுதான். நிஜமான தீக்கென்று அந்த மணிக்குத் தனிக் குரல் கிடையாது.

ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதைத் தீயணைப்பு வண்டியின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. மணி அடித்ததற்கும் முதல் ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் கரைந்தது என்பதும் முடிவு செய்கிறது. கூட்டம் பயந்து அலறி ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடும் என்று சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். பேரிடர்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது நேர்மாறு. மனிதர்கள் ஆபத்தான அளவுக்கு அமைதியாக இருக்கிறார்கள். பையை எடுக்கிறார்கள், சார்ஜரைத் தேடுகிறார்கள், மெயிலை அனுப்பி முடிக்கிறார்கள், வீட்டுக்கு போன் போடுகிறார்கள்.

1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் இதை ஓர் அறைக்குள் வைத்துக் காட்டினார்கள். மாணவர்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் 75 சதவிகிதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். அறிமுகமில்லாத மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்தபோது, அப்படி ஒருவராவது எழுந்துபோன குழுக்கள் 38 சதவிகிதம்தான். மூவரில் இருவர், 'கண்டுகொள்ளாதீர்கள்' என்று முன்பே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள் என்றால், மூன்றாமவர் எழுந்தது 10 சதவிகிதம் மட்டுமே. மற்றவர்கள் இருமிக்கொண்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டும், கையால் புகையை விசிறிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். பிறகு கேட்டபோது, நீராவி என்று நினைத்தோம், ஏ.சி-யில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம் என்றார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. பதறி எழுந்து, ஒன்றுமில்லை என்றானால் நாலு பேர் சிரிப்பார்களே என்று கூச்சப்பட்டவர்கள். நம் அலுவலகங்களிலும் இந்தக் கூச்சத்துக்குப் பஞ்சமில்லை.

கையில் இருக்கும் நேரம்

அப்பா காலத்து வீட்டில் தேக்கு நாற்காலி, இலவம்பஞ்சு மெத்தை, பருத்தித் திரை. இன்றைய ஹாலில் ஃபோம் சோபா, பாலியெஸ்டர் திரை, பிளைவுட் அலமாரி, ஃபால்ஸ் சீலிங். அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.எல் நிறுவனம், பழைய பாணிச் சாமான்கள் நிறைந்த அறையையும் இன்றைய சாமான்கள் நிறைந்த அறையையும் தனித்தனியே எரித்துப் பார்த்தது. பழைய அறை முழுவதும் ஒரே தீப்பிழம்பாக மாற ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. "என்னன்னு பார்த்துட்டு வரேன், இருங்க" என்று ஒருவர் போய்விட்டுத் திரும்பும் நேரம் அது.

தீ எட்டாத இடத்துக்கும் புகை வந்து சேர்ந்துவிடும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. தலை சுற்றும், கால் தளரும், தெரிந்த வாசலே மறந்துபோகும். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. கரித்துகளையும் எரிச்சலையும் அது ஓரளவு குறைக்கும். இந்த வாயுவைத் தடுக்காது. சூடான புகை மேலே ஏறி, கூரையில் முட்டி, அங்கிருந்து அடுக்கடுக்காகக் கீழே இறங்குகிறது. தரையை ஒட்டி மட்டும் சற்று நேரம் மூச்சுவிடும்படியான காற்று மிஞ்சும். குழந்தைபோல் தவழ்ந்து போகச் சொல்வது அதற்காகத்தான்.

2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி கேளிக்கை விடுதியில் 2017 டிசம்பர் 29 அன்று நள்ளிரவு தாண்டிப் பிடித்த தீ 14 உயிர்களைக் கொண்டுபோனது. பலரின் உடல்கள் கிடைத்த இடம் கழிப்பறை. தண்ணீர் இருக்கிற இடம் பாதுகாப்பு என்று மனம் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத குளியலறை, தீயின்போது ஒளிந்துகொள்ளத் தகுந்த இடமே இல்லை.

பூட்டு

இனி வருவது, இந்தக் கட்டுரையை எழுதுகிறவனுக்கு ஆத்திரமூட்டும் பகுதி.

2004-ம் ஆண்டைத் தமிழ்நாடு மறக்க முடியாது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடிப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் மேலே ஓலை, கீழே இறங்க ஒடுங்கிய படிக்கட்டு. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஓலை கண்ணுக்குத் தெரிந்ததால் போய்விட்டது. படிக்கட்டும் பூட்டும் யார் கண்ணையும் உறுத்தாமல் அப்படியே இருக்கின்றன.

டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீ. புகை படிக்கட்டு வழியாகவும் ஏ.சி குழாய் வழியாகவும் மேலேறியது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக ஒரு வழி ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தது. வெளியேறுங்கள் என்று ஓர் அறிவிப்புகூட வரவில்லை. 59 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரி 23 அன்று மின்கம்பிகள் செல்லும் குழாய்வழியில் பிடித்த தீயின் புகை மாடிகளை நிரப்பியது. 9 பேர் இறந்தார்கள், அவர்களில் சிலர் மேலிருந்து குதித்தவர்கள். தப்பிக்க வைத்திருந்த கதவுகள் பூட்டியிருந்தன என்பதுதான் அந்த விபத்துக்குப் பிறகு ஊரெங்கும் எழுந்த புகார்.

பூட்டுகிறவர்கள் யாரும் கொலைகாரர்கள் இல்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. துணிக்கடையில் திருட்டு பயம். விடுதியில் பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு. அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் யார் யாரோ வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்ற புகார். சாவி செக்ரெட்டரி வீட்டு ஆணியில் தொங்கும். அவர் பேரன் பிறந்திருக்கிறான் என்று ஹூஸ்டன் போயிருப்பார்.

உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டில் இன்று ஒருமுறை மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். செருப்பு ஸ்டாண்டு, கோலமாவு டப்பா, ஓட்டை ஏர்கூலர், கட்டிவைத்த பழைய பேப்பர், பிள்ளை வளர்ந்துவிட்டதால் யாரும் தொடாத சின்ன சைக்கிள், யாரோ கழற்றி சாய்த்துவைத்த பழைய கதவு. வெளிச்சத்தில் அவற்றை ஒதுங்கிக் கடந்துவிடலாம். மின்சாரம் போய், புகை சூழ்ந்து, பின்னால் இருபது பேர் வரும்போது முதல் ஆள் அந்த சைக்கிளில் தடுக்கினால் போதும். கூடவே, பால்கனியை முழுக்க மூடிய இரும்பு கிரில். கிளிக்கூண்டுபோல் அழகாக அடைத்து வெள்ளை பெயின்ட் அடித்திருப்போம். திருடனைத் தடுக்கும் அந்தக் கம்பி, உள்ளே இருப்பவரையும் தடுக்கும். கிரில்லில் திறக்கக்கூடிய சின்னக் கதவு ஒன்று வைத்து, அதன் சாவியை வீட்டில் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் மாட்டுவது வெல்டருக்கு அரைநாள் வேலை.

பெரிய கட்டடங்களில் படிக்கட்டுக்கு முன்னால் கனமான, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு இருக்கும். புகை படிக்கட்டுக்குள் நுழையாமல் தடுப்பதுதான் அதன் வேலை. காற்றோட்டத்துக்காக, அல்லது டீ கொண்டுவரும் பையனின் வசதிக்காக, அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட கதவு அந்தச் செங்கல்லால் வீணாகிறது.

லிஃப்ட் வேண்டாம்

2024 டிசம்பர் 12 இரவு. திண்டுக்கல்லில் நான்கு மாடித் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ. ஒரு சிறுவன் உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே எடுத்தார்கள்.

லிஃப்ட் ஓடும் குழி, அடித்தளத்திலிருந்து மேல்தளம் வரை நேராகப் போகும் புகைபோக்கி. கீழே பிடித்த தீயின் புகை முதலில் தேடிக்கொள்ளும் வழி அதுதான். மின்சாரம் எந்த நொடியும் போகலாம், போனால் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரியும். 'தீ விபத்தின்போது பயன்படுத்தாதீர்' என்று கதவருகே எழுதியும் இருக்கிறது. ஆனாலும் அவசரத்தில் கால், தினமும் போகும் வழியிலேயே போகும். நாலாவது மாடியில் வேலை பார்க்கும் பலர் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பார்த்ததில்லை. வாரத்தில் ஒருநாள் படியில் இறங்கிப் பழகியவரின் காலுக்கு அன்று வழி தெரியும்.

மருத்துவமனை என்றதும் கொல்கத்தா நினைவுக்கு வரும். 2011 டிசம்பர் 9 விடியற்காலை, தாகுரியா ஏ.எம்.ஆர்.ஐ மருத்துவமனையின் அடித்தளத்தில் குவித்துவைத்த பொருள்கள் பற்றிக்கொண்டன. பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் புகையைப் பார்த்துவிட்டு உதவ ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. கண்ணாடியால் மூடிய, முழுக்க ஏ.சி செய்த கட்டடம் அது. புகைக்கு வெளியேற வழியில்லை. 90 பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலானோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் செவிலியர்கள் சிலரை வெளியே சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்காக மீண்டும் உள்ளே போய், திரும்பவில்லை.

எழுந்து ஓட முடியாதவர்களுக்கு என்ன வழி? சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ ஃபிளாட்டுகளில் எழுபது, எண்பது வயதுத் தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு வாக்கர். 'படிக்கட்டில் இறங்குங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்கு உதவாது. ஒவ்வொரு மாடியிலும் யார் வீட்டில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாட்ச்மேன் மேசையில் ஒட்ட வேண்டும். அதே மாடியில் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று தூக்கி இறக்கலாம். ஆனால், ஒருமுறையாவது காலி நாற்காலியை வைத்து அந்தப் படித் திருப்பத்தில் இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் பங்கிடும் வாட்ஸ்அப் குழுவில் இதையும் பேசலாம், தப்பில்லை.

போவதா, இருப்பதா?

எப்போதும் ஓடத்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் கிரென்ஃபெல் டவர், 24 மாடிக் குடியிருப்பு. 2017 ஜூன் 14 நள்ளிரவு 12.54-க்கு முதல் அழைப்பு. நாலாவது மாடிச் சமையலறையில் தீ. அந்த நாட்டு வழக்கப்படி, தீ உங்கள் வீட்டில் இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றார்கள். ஒவ்வொரு வீடும் தீயைத் தனக்குள் அடக்கிக்கொள்ளும்படி கட்டியிருந்தால் அது சரியான அறிவுரைதான். ஆனால், சுவருக்கு வெளியே அழகுக்கும் குளிர் தடுப்புக்கும் ஒட்டிய பலகைகள் பற்றி, தீ வெளிப்பக்கமாக மேலேறியது. அறிவுரையைக் கைவிட்டபோது மணி 2.47. 72 பேர் இறந்தார்கள்.

நம் ஊர்க் கட்டடங்களை நம்பி அப்படி உட்கார முடியாது. மணி அடித்தால் வெளியேறுவதே முறை. எழுந்திருங்கள், போனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களைக் குரல் கொடுத்து எழுப்புங்கள். வழியில் கதவு இருந்தால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்கக் கூடாது. கடந்து வந்த கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பூட்டாதீர்கள். சாத்திய மரக்கதவுகூடப் புகையைப் பல நிமிடங்கள் தாமதப்படுத்தும். இறங்கும் திசை கீழே. மொட்டைமாடிக்கு ஓடுவது, கீழ்வழி அடைபட்டு, மேலே கதவு திறந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

படிக்கட்டே புகையாக இருந்தால் அதற்குள் இறங்க வேண்டாம். அப்போது வீட்டுக்குள் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணியைத் திணித்து, ரோட்டைப் பார்த்த ஜன்னல் பக்கம் போங்கள். 101 அல்லது 112-க்கு அழைத்து எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஜன்னலில் வெளிர்நிறப் போர்வையை ஆட்டுங்கள். இருட்டென்றால் போன் விளக்கு. குதிப்பது மட்டும் வேண்டாம்.

தீயணைப்பான் சிலிண்டரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. குப்பைக்கூடை அளவு தீக்குத்தான் அது. அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பின்னை இழுத்து, பிழம்பில் அடிக்காமல் அடியில் அடிக்க வேண்டும். வாசல் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

போட்டோவுக்கு ஒத்திகை

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பல் வெடித்தது. அங்கே உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. பள்ளி, மருத்துவமனை, ஐ.டி வளாகங்களில் அப்போதுதான் ஒத்திகைகள் அதிகம். நம் ஒத்திகைகளில் ஒரு விநோதம் உண்டு. முந்தைய நாளே மெயில் வந்துவிடும். காலை 11 மணி, டீக்குப் பிறகு. முக்கியமான மீட்டிங்கில் இருப்பவர்களுக்கு விலக்கு. கீழே வந்து ஒரு குரூப் போட்டோ. இது உட்கார்ந்திருக்கும் பழக்கத்துக்குத்தான் ஒத்திகை.

நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993-ல் அங்கே குண்டு வெடித்தபோது, இருண்டு புகை நிறைந்த படிகளில் மக்கள் மணிக்கணக்கில் தடுமாறி இறங்கியதைப் பார்த்தவர். அதன்பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை வைக்கத் தொடங்கினார். பெரிய அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். இவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரத்தில் விமானம் மோதியபோது, அவரவர் இடத்திலேயே இருக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, ஒலிபெருக்கிக் குழாயைக் கையில் எடுத்துத் தன் ஆட்களை இறக்கினார். அந்த நிறுவனத்தின் 2,700 பேர் அளவிலான ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மிச்சமிருப்பவர்களைத் தேடி மேலே போன அவர் திரும்பவில்லை. பழகிய கால், அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை.

கீழே வந்தாயிற்று. அடுத்து? கூட்டம் வாசலிலேயே நின்று மேலே பார்த்து வீடியோ எடுக்கும். தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் நாலு பைக்கும் ஒரு காரும் நிற்கும். எங்கே கூடுவது என்று முன்பே ஓர் இடம் குறித்திருந்தால், எல்லோரும் அங்கே போய்த் தலையை எண்ணிவிடலாம். வண்டியிலிருந்து இறங்கும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்பதுதான். "தெரியலை சார்" என்று பதில் வந்தால், வீரர்கள் ஒவ்வொரு அறையாகப் புகைக்குள் தவழ்ந்து தேட வேண்டும். "மூணாவது மாடி, பின்பக்கம், படுத்த படுக்கையா ஒரு அம்மா" என்று பதில் வந்தால் நேராக அங்கே போவார்கள். குடியிருப்பவர்களின் கணக்கு மட்டும் போதாது. வீட்டு வேலைக்கு வந்தவர், பிளம்பர், பார்சல் கொடுக்க மேலே போன பையன் ஆகியோர் பெயர்கள் வாட்ச்மேன் மேசை மேல் இருக்கும் நீள நோட்டில்தான் இருக்கின்றன. மணி அடித்தால் அந்த நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வரும்படி அவரிடம் இன்றைக்கே சொல்லிவைத்துவிடலாம்.